8080 பஸ், 6800 பஸ், எஸ்பிஐ: இந்தத் திரைக்கு எதைக் கட்டுவது?

கம்பிவலை

வணக்கம். இதுவரை 16×2 எழுத்துத் திரை மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். ஆர்எஸ், ஆர்/டபிள்யூ, ஈ என்று மூன்று கன்ட்ரோல் பின், அப்புறம் நான்கோ எட்டோ டேட்டா லைன். அது நன்றாகவே புரியும்.

இப்போது 2.8 அங்குல கலர் திரை ஒன்று வந்திருக்கிறது. 320×240, கன்ட்ரோலர் ஐஎல்ஐ9341. இதில் ஈ பின்னே இல்லை. சிஎஸ் (சிப்பைத் தேர்ந்தெடுக்கும் பின்), ஆர்எஸ், டபிள்யூஆர், ஆர்டி, ரீசெட், அதன் பிறகு டிபி0 முதல் டிபி15 வரை. விற்றவர் பக்கத்தில் "8080 பஸ், 8/16 பிட்" என்று போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு.

கேள்விகள்: ஈ என்ற வேலையை இதில் எந்தப் பின் செய்கிறது? எனக்குத் திரையில் எழுதினால் போதும், படிக்க வேண்டியதில்லை. ஆர்டி பின்னை அப்படியே விட்டுவிடலாமா? முதலில் சின்னதாகப் பார்ப்போம் என்று ஜம்பரை 8 பிட்டில் வைத்து, டிபி0 முதல் டிபி7 வரை எட்டு லைன் மட்டும் கட்டினேன். பின்விளக்கு எரிகிறது, திரை முழுக்க வெள்ளை. இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எஸ்பிஐ (ஒரே டேட்டா கம்பியில் பிட் பிட்டாக அனுப்பும் முறை) திரை வாங்குவதுதான் புத்திசாலித்தனமா?

பழைய8085

திருப்பிக் கொடுக்க வேண்டாம் தம்பி. நீங்கள் இத்தனை நாள் ஓட்டியது 6800 பஸ், கையில் இருப்பது 8080 பஸ். இன்டெல் 8080, மோட்டரோலா 6800 இரண்டுமே 1974இல் வந்த பிராசஸர்கள். மெமரியோடு பேச ஆளுக்கொரு முறை வைத்துக்கொண்டார்கள். திரை கன்ட்ரோலர் செய்தவர்கள் அந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிராசஸர்கள் போய்விட்டன, பஸ் மட்டும் நிற்கிறது.

6800 முறையில் திசையைச் சொல்ல ஒரு லைன், நேரத்தைச் சொல்ல ஒரு லைன். ஆர்/டபிள்யூ கீழே (0 வோல்ட்டில்) இருந்தால் எழுதுகிறோம், மேலே (சப்ளை வோல்ட்டில்) இருந்தால் படிக்கிறோம். ஆனால் அதை மாற்றியதால் மட்டும் ஒன்றும் நடக்காது. ஈ மேலே போய்க் கீழே இறங்க வேண்டும். அது இறங்கும் விளிம்பில்தான் கன்ட்ரோலர் டேட்டாவைப் பிடிக்கும்.

8080 முறையில் திசையும் நேரமும் ஒரே லைனில். எழுத டபிள்யூஆர், படிக்க ஆர்டி. இரண்டும் சும்மா இருக்கும்போது மேலே நிற்கும். எழுத வேண்டுமானால் டேட்டாவை வைத்து, டபிள்யூஆரைக் கீழே இழுத்து, மேலே விட வேண்டும். மேலே ஏறும் விளிம்பில் டேட்டா உள்ளே போகும். படிப்பதற்கு ஆர்டியைக் கீழே இழுத்தால் கன்ட்ரோலர் தன் டேட்டாவை லைனில் வைக்கும். நீங்கள் படித்து முடித்த பிறகு மேலே விடலாம். ஒரு வீட்டில் கதவுக்கு ஒரே மணி, பக்கத்தில் "கொடுக்க வந்தேன், வாங்க வந்தேன்" என்று ஒரு பலகை. இன்னொரு வீட்டில் கொடுக்க ஒரு மணி, வாங்க ஒரு மணி. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே எழுதுவது மட்டும் போதும் என்றால் ஈ செய்த வேலையை டபிள்யூஆர் செய்கிறது, தலைகீழாக. ஈ மேல்நோக்கிய துடிப்பு, டபிள்யூஆர் கீழ்நோக்கிய துடிப்பு. ஆர்எஸ் இரண்டிலும் ஒன்றுதான்: கீழே இருந்தால் கட்டளை, மேலே இருந்தால் டேட்டா.

ஆர்டியைத் தொங்க விடாதீர்கள். தொங்கும் பின் எப்போது கீழே போகும் என்று யாருக்கும் தெரியாது. அது கீழே போனால் திரையும் டேட்டா லைனை ஓட்டும், எஸ்டிஎம்மும் ஓட்டும். இரண்டும் எதிரெதிராக இழுத்தால் நல்லதல்ல. வேண்டாம் என்றால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டில் கட்டிவிடுங்கள்.

நுணுக்கன்

சார் சொன்னது சரி. ஒரு சின்னத் திருத்தம். அசல் 8080 சிப்பில் ஆர்டி என்று ஒரு பின்னே கிடையாது. படிக்கும்போது டிபிஐஎன் என்ற பின் மேலே போகும். பக்கத்தில் 8228 என்ற துணைச் சிப்பை வைத்தால்தான் மெமரிக்கும் ஐ/ஓவுக்கும் தனித்தனியாகப் படி, எழுது சிக்னல்கள் கிடைக்கும். ஆர்டி, டபிள்யூஆர் என்று நேராகப் பின்னிலேயே கொடுத்தது 8085. திரை டேட்டாஷீட்டில் "80 வகை" என்று போட்டிருப்பது உண்மையில் அந்த 8085 பாணிதான்.

டேட்டாஷீட்டுகளில் வேறு பெயர்களும் வரும், குழம்ப வேண்டாம். மிப்பி கூட்டமைப்பின் டிபிஐ என்ற திரை இணைப்புத் தரத்தில் டைப் ஏ என்பது 6800, டைப் பி என்பது 8080, டைப் சி என்பது எஸ்பிஐ போன்ற சீரியல். இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலரின் ஆவணங்களில் "ஐ80" என்று வந்தால் அதுவும் இதே 8080தான்.

பழைய8085

டிபிஐஎன்னை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. காலேஜ் லேபில் 8085 கிட்டைத் தட்டியவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை என்று விட்டுவிட்டேன்.

ஸ்கோப்காரி

கம்பிவலை, ஆர்டியை 3.3 வோல்ட்டில் கட்டும் முன் ஒரு வேலைக்கு அது தேவைப்படும். வெள்ளைத் திரை என்றால் கன்ட்ரோலர் ஒரு கட்டளையையும் வாங்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். புரோகிராம் கோடைத் திருத்திக்கொண்டே இருப்பதை விட, சிப்பிடம் அதன் பெயரைக் கேளுங்கள். ஹெக்ஸ் டி3 என்ற கட்டளையை எழுதி, நான்கு தடவை படியுங்கள். முதலாவது வெறும் டம்மி. அதன் பிறகு 00, 93, 41 என்று வர வேண்டும். வந்தால் பஸ் சரி, கோடில் தேடலாம். வராவிட்டால் கோடைத் தொடவே வேண்டாம்.

படிக்கும்போது அவசரப்படாதீர்கள். இந்தச் சிப்பில் எழுதும் சுழற்சி 66 நானோ விநாடி போதும். ஐடி படிக்க 160, திரை மெமரியைப் படிக்க 450 நானோ விநாடி கேட்கும்.

படித்துப் பார்த்து இங்கே போடுங்கள். போர்டின் பின்பக்கத்தில் ஐஎம்0 என்றோ ஆர்1, ஆர்2 என்றோ எழுதிய சின்ன ரெசிஸ்டர் இடங்கள் இருந்தால் எது நிரப்பியிருக்கிறது, எது காலி என்றும் சொல்லுங்கள்.

கம்பிவலை

படித்தேன் அக்கா. நான்கு தடவையும் எஃப்எஃப். சந்தேகத்தில் எஸ்டிஎம் பக்கம் புல்-அப்பை (லைனை மேலே இழுக்கும் ரெசிஸ்டர்) எடுத்துவிட்டுப் புல்-டவுன் (கீழே இழுப்பது) போட்டுப் பார்த்தேன், நான்கும் 00 ஆகிவிட்டது.

பின்பக்கம் ஐஎம்0 என்று இரண்டு இடம். "16" பக்கம் காலி, "8" பக்கம் ரெசிஸ்டர் இருக்கிறது.

ஸ்கோப்காரி

அந்தப் புல்-டவுன் சோதனை நல்ல காரியம். எஃப்எஃப்பும் 00வும் உங்கள் எஸ்டிஎம்மின் பின்களே சொன்ன பதில். அந்த எட்டு லைனையும் யாரும் ஓட்டவில்லை. சிப் தூங்கவில்லை, வேறு லைனில் காத்திருக்கிறது.

ஐஎல்ஐ9341க்கு ஐஎம்3 முதல் ஐஎம்0 வரை நான்கு பின். பவர் கொடுக்கும்போது அவை எப்படி நிற்கின்றனவோ, அதை வைத்துத்தான் எந்த பஸ்ஸில் பேசுவது என்று சிப் முடிவு செய்யும். கோடில் எதை எழுதினாலும் இது மாறாது. 0000 என்றால் 8080 முதல் வகை, 8 பிட், டி0 முதல் டி7 வரை. 0001 என்றால் அதே வகை, 16 பிட். 0110 என்றால் நான்கு லைன் எஸ்பிஐ.

இரண்டாம் வகை என்று இன்னொன்று இருக்கிறது. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். ஐஎம்3 மேலே கட்டியிருந்தால் 1000 என்பது 16 பிட், ஆனால் லைன்கள் டி17 முதல் டி10 வரையும் டி8 முதல் டி1 வரையும். 1001 என்பது 8 பிட், அது டி17 முதல் டி10 வரை மட்டும். சிப்பின் டி எண்ணும் போர்டு ஹெடரில் அச்சடித்த டிபி எண்ணும் ஒன்றல்ல. 16 பிட்டுக்கு வசதியாக, டி1 முதல் டி8 வரை உள்ளதை டிபி0 முதல் டிபி7 என்றும், டி10 முதல் டி17 வரை உள்ளதை டிபி8 முதல் டிபி15 என்றும் அச்சடித்திருப்பார்கள். அப்படியானால் உங்கள் ஜம்பர் 8இல் இருக்கும்போது சிப் கேட்பது மேல் எட்டு லைன்களை, அதாவது டிபி8 முதல் டிபி15 வரை.

அந்த எட்டு கம்பியையும் டிபி8 முதல் மேலே மாற்றிவிட்டு மறுபடி டி3 கட்டளையால் பெயரைக் கேளுங்கள்.

கம்பிவலை

வந்துவிட்டது! டம்மி, 00, 93, 41. பழைய கோடையே ஏற்றினேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை, படம் வருகிறது. விற்றவர் பக்கத்தில் "8 பிட்டுக்கு டிபி0–டிபி7" என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. போர்டைப் பார்த்து எழுதியது போலத் தெரியவில்லை.

படம் வருகிறதே தவிர, மேலிருந்து கீழே திரைச்சீலை இறங்குவது போல நிரம்புகிறது. பின் ஒவ்வொன்றையும் கோடில் தனித்தனியாக ஏற்றி இறக்குகிறேன். 16 பிட்டுக்குப் போனால் வேகம் கூடுமா?

ரிச்சி தெரு ரசிகன்

கூடும். ஆனால் பின்னைக் கோடில் தட்டுவதை முதலில் நிறுத்துங்கள் பாஸ். எஃப்407இல் எஃப்எஸ்எம்சி என்று ஒன்று சும்மா கிடக்கிறது. வெளி மெமரி கட்ட வைத்தது. வெளி எஸ்ரேமுக்கு வேண்டியது சிஎஸ், படி, எழுது, அட்ரஸ், டேட்டா. 8080 பஸ்ஸும் அதேதான். ஆகவே திரையை ஒரு எஸ்ரேம் சிப் என்று எஸ்டிஎம்மை நம்பவைத்துவிடலாம்.

ஜம்பரை 16க்கு மாற்றுங்கள். டபிள்யூஆர் போக வேண்டியது பிடி5, ஆர்டி பிடி4, சிஎஸ் பிடி7. டேட்டா லைன்கள் பிடி, பிஇ இரண்டிலும் சிதறிக் கிடக்கும். பின் பட்டியலைப் பார்த்து வரிசையாகக் கட்டுங்கள். இங்கே நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆர்எஸ்ஸை ஏதாவது ஓர் அட்ரஸ் லைனில் கட்ட வேண்டும். வழக்கமாக ஏ16, அதாவது பிடி11.

அப்புறம் ஒரு அட்ரஸில் எழுதினால் ஆர்எஸ் கீழே, இன்னொரு அட்ரஸில் எழுதினால் ஆர்எஸ் மேலே. கட்டளை ஹெக்ஸ் 60000000, டேட்டா ஹெக்ஸ் 60020000. இதை 60010000 என்று போட்டு, ஏன் எல்லாமே கட்டளையாகப் போகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் பதிவுகள் நெட்டில் ஏராளம். 16 பிட் அகலம் என்று சொன்னதும் எஃப்எஸ்எம்சி அட்ரஸை ஒரு பிட் கீழே தள்ளிவிடும். வெளியே ஏ16 ஆக வருவது உள்ளே 17ஆம் பிட். 8 பிட் அகலத்தில் வைத்தால் இந்தத் தள்ளல் கிடையாது, அங்கே 60010000 சரி.

நேரக் கணக்கு: 168 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிளாக் சுமார் 5.95 நானோ விநாடி. 66ஐத் தாண்ட 12 கிளாக் வேண்டும், கிட்டத்தட்ட 71 நானோ விநாடி. ஒரு முழுத் திரை 76,800 பிக்சல், 16 பிட்டில் பிக்சலுக்கு ஒருமுறை எழுதினால் போதும், ஆக ஐந்தரை மில்லி விநாடி. படிப்பதற்கு வேறு நேரம் தேவைப்படுவதால் எக்ஸ்டெண்டட் மோடை ஆன் செய்து எழுதுவதற்கும் படிப்பதற்கும் தனித்தனி டைமிங் கொடுங்கள். இல்லையென்றால் மெதுவாகப் படிப்பதற்காக எழுதுவதும் மெதுவாகிவிடும்.

கேஷ் வைத்தியர்

குறுக்கே ஒரு வார்த்தை. இதே கோடை நாளைக்கு எஸ்டிஎம்32எச்7 சிப்புக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு: அதிலுள்ள கார்டெக்ஸ் எம்7 பிராசஸர் அந்த 60000000 பகுதியைச் சாதாரண மெமரி என்றே நினைக்கும். கேஷில் (உள் தற்காலிக மெமரி) வைத்துக்கொள்ளும், அடுத்தடுத்து எழுதுவதை ஒன்றாகச் சேர்க்கும், நாம் கேட்காமலே முன்கூட்டிப் படிக்கவும் செய்யும். திரைக்கு இதெல்லாம் விஷம். எம்பியூவில் (மெமரிப் பகுதிகளுக்கு விதி வைக்கும் அமைப்பு) அந்தப் பகுதியை டிவைஸ் மெமரி என்று அறிவித்துவிடுங்கள். எஃப்407இல் இந்தத் தொல்லை இல்லை.

நான்கு கம்பி

இவ்வளவும் படித்த பிறகும் கேட்கிறேன்: 21 கம்பி கட்டி என்ன சாதித்தோம்? எஸ்பிஐ என்றால் கிளாக், டேட்டா, சிஎஸ், டிசி (ஆர்எஸ் செய்யும் அதே வேலை), ரீசெட், ஐந்து கம்பியில் வேலை முடிந்தது. டிஎம்ஏ (டேட்டாவைத் தானே நகர்த்தும் பகுதி) போட்டுவிட்டால் பிராசஸர் வேறு வேலை பார்க்கலாம்.

வேகம் என்பீர்கள். 320×240×16, மொத்தம் 12,28,800 பிட். எஃப்407இன் எஸ்பிஐ1 42 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். ஒரு முழுத் திரை 29 மில்லி விநாடி. நொடிக்கு 34 தடவை. வெப்பநிலை காட்டும் கருவிக்கு இது போதாதா?

ஸ்கோப்காரி

போதும். ஆனால் அந்த 42ஐ டேட்டாஷீட் தரவில்லை, அதிர்ஷ்டம் தந்தது. ஐஎல்ஐ9341 சீரியலில் எழுத ஒரு கிளாக்குக்குக் குறைந்தது 100 நானோ விநாடி என்கிறது. அதாவது 10 மெகாஹெர்ட்ஸ். 40இல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர், ஓடவும் செய்கிறது. மேசை மேல் வைக்கும் பொருளுக்கு நானும் அப்படித்தான் ஓட்டுவேன். நூறு எண்ணிக்கை செய்து விற்கப் போகிறீர்கள் என்றால் 10ஐ வைத்தே கணக்குப் போடுங்கள்: முழுத் திரை சுமார் 123 மில்லி விநாடி, நொடிக்கு எட்டு. நிரம்புவது கண்ணுக்கே தெரியும்.

அதே டேட்டாஷீட்டின் எல்லைக்குள் 8 பிட் பேரலல் சுமார் 10 மில்லி விநாடி, 16 பிட் சுமார் 5. வீடியோ, ஸ்க்ரோல், அலைவடிவம் என்றால் பேரலல்தான்.

நான்கு கம்பி சொல்வதில் நியாயம் இருக்கும் இடம் வேறு. பெரும்பாலான கருவிகளில் முழுத் திரையையும் மறுபடி வரையத் தேவையே இல்லை. 2ஏ, 2பி கட்டளைகளால் ஒரு கட்டத்தைக் குறித்து, 2சி கொடுத்து அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பலாம். 60×24 அளவுக்கு ஓர் எண் மாறினால் 1,440 பிக்சல், 23,040 பிட். 10 மெகாஹெர்ட்ஸிலேயே 2.3 மில்லி விநாடி. இதற்கு 21 கம்பி வேண்டாம்தான்.

ஒன்று மட்டும்: எஸ்பிஐ திரை வாங்கும்போது டிசி பின் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மூன்று லைன், 9 பிட் வகை. ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் கட்டளையா டேட்டாவா என்று ஒரு பிட் சேர்த்து அனுப்ப வேண்டும். எஃப்407இன் எஸ்பிஐ 8 அல்லது 16 பிட்தான் தெரிந்தது. 9 என்றால் நீங்களே பிட்டுகளை அடுக்க வேண்டும்.

நான்கு கம்பி

ஏற்றுக்கொள்கிறேன், 10 மெகாஹெர்ட்ஸ் விஷயம் உட்பட. ஆனாலும் மேசையில் 40தான்.

முதலாமாண்டு

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் 16×2 திரையின் முதுகில் நான்கு பின் போர்டு ஒட்டியது இருக்கிறது, "ஐ2சி எல்சிடி" என்றார்கள். அதற்கு 8080, 6800 எதுவும் தேவையில்லைதானே?

பழைய8085

உங்களுக்குத் தேவையில்லை தம்பி, திரைக்குத் தேவை. முதுகில் இருப்பது பிசிஎஃப்8574, எட்டுப் பின் விரிவாக்கி. நீங்கள் ஐ2சியில் (இரண்டே கம்பியில் பேசும் சீரியல் முறை) பைட் அனுப்புகிறீர்கள்; அது தன் எட்டுப் பின்களை ஏற்றி இறக்கி, முன்னால் இருக்கும் எச்டி44780 கன்ட்ரோலருக்கு 4 பிட் 6800 பஸ்ஸில் பேசுகிறது. ஈ மேலே, ஈ கீழே என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஐ2சி பைட். மெதுவாக இருப்பது அதனால்தான். எழுத்துத் திரைக்கு அது ஒரு குறையில்லை.

இஎஸ்பி32இல் கட்டுவதாக இருந்தால் அந்தப் போர்டில் எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற ஐ2சி லைன் இரண்டுக்கும் 5 வோல்ட்டுக்குப் புல்-அப் இருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு 3.3க்குப் போடுங்கள். தனித் திரையை நேராக 3.3 வோல்ட் பின்களில் கட்டினாலும் இதே கதைதான்: 5 வோல்ட்டில் ஓடும் 44780க்கு 2.2 வோல்ட் வந்தாலே "மேலே" என்று எடுத்துக்கொள்ளும், ஆக எழுதுவதில் சிக்கல் இல்லை. படித்தால்தான் அது 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். ஆர்/டபிள்யூவைத் தரையில் கட்டிவிட்டால் அந்தப் பயம் போயிற்று.

கம்பிவலை

எஃப்எஸ்எம்சி ஓடுகிறது, 60020000தான். கண் சிமிட்டுவதற்குள் திரை நிரம்புகிறது. லாஜிக் அனலைசரில் டபிள்யூஆர் துடிப்பு 72 நானோ விநாடிக்கு ஒன்று என்று காட்டுகிறது, கணக்கோடு ஒத்துப்போகிறது. வேகமாக நகரும் படத்தில் மட்டும் நடுவில் ஒரு கோடு வெட்டுவது போலத் தெரிகிறது.

ஸ்கோப்காரி

அது வேறு சங்கதி. கன்ட்ரோலர் தன் மெமரியிலிருந்து பேனலுக்கு வரிவரியாக அனுப்பிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அதே இடத்தில் புது டேட்டா எழுதுகிறீர்கள். சிப்பில் டிஇ (டேரிங் எஃபெக்ட்) என்று ஒரு பின் உண்டு, ஃபிரேம் முடியும் இடத்தில் துடிப்பு தரும். ஹெக்ஸ் 35 கட்டளை கொடுத்தால் ஆன் ஆகும். அந்தத் துடிப்பு வந்ததும் எழுதத் தொடங்குங்கள். ஐந்தரை மில்லி விநாடியில் முடிப்பதால் உங்களை அது துரத்திப் பிடிக்காது. எல்லாப் போர்டிலும் ஹெடருக்கு இந்தப் பின்னைக் கொண்டு வருவதில்லை. வரவில்லை என்றால் இப்படியே விட்டுவிடலாம்.

ஏழு அங்குலம்

நானும் எஃப்407தான். 7 அங்குலம், 800×480, 40 பின் ரிப்பன். டபிள்யூஆரும் இல்லை, எஸ்பிஐயும் இல்லை. ஆர்0–ஆர்7, ஜி0–ஜி7, பி0–பி7, டிஇ, எச்சிங்க், விசிங்க், கிளாக் என்று இருக்கிறது. எஃப்எஸ்எம்சியில் ஓடுமா?

நுணுக்கன்

நேராக ஓடாது. இது ஆர்ஜிபி பேனல். மேலே பேசிய திரைகளுக்குள் படத்தை வைத்துக்கொள்ள மெமரி இருக்கிறது. ஒருமுறை எழுதிவிட்டுப் போனால் படம் நிற்கும். இதற்கு அது இல்லை. பிக்சல்களை நிறுத்தாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுடைய டிஇ என்பது டேட்டா இனேபிள், ஸ்கோப்காரி சொன்ன டிஇ அல்ல. ஓரங்களின் காலி நேரத்தையும் சேர்த்து 1056×525 என்று வைத்தால், நொடிக்கு 60 ஃபிரேமுக்கு 33.26 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக்.

16 பிட் கலரில் ஒரு ஃபிரேம் 7,68,000 பைட். எஃப்407இன் உள் ரேம் 192 கிலோபைட். ஆர்ஜிபி ஓட்டும் எல்டிடிசியும் அதில் கிடையாது, எஃப்429 போன்றவற்றில்தான் உண்டு. அங்கேயும் வெளியே எஸ்டிரேம் கட்டியாக வேண்டும்.

போர்டை மாற்ற மனமில்லை என்றால் நடுவில் எஸ்எஸ்டி1963 வைத்த அடாப்டர் போர்டு போடுங்கள். அதற்குள் 1,215 கிலோபைட் ஃபிரேம் மெமரி இருக்கிறது. உங்கள் பக்கம் 8080, பேனல் பக்கம் ஆர்ஜிபி. கம்பிவலையின் எஃப்எஸ்எம்சி இணைப்பும் அட்ரஸ் கணக்கும் அப்படியே பொருந்தும். ஒன்றில் மட்டும் கவனம்: பவர் வந்ததும் அதன் பிஎல்எல் (உள் கிளாக்கைப் பெருக்கித் தரும் பகுதி) பூட்டாத, அதாவது நிலைக்கு வராத நிலையில், வெளி கிரிஸ்டலின் பாதி வேகத்துக்கு மேல் ரெஜிஸ்டர்களில் எழுதக்கூடாது. 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்றால் நொடிக்கு 50 லட்சம் தடவை எழுதலாம், அதாவது ஒரு தடவைக்கு 200 நானோ விநாடி. ஆகவே முதலில் எஃப்எஸ்எம்சியை மெதுவான டைமிங்கில் தொடங்கி, பிஎல்எல்லை ஆன் செய்து, பூட்டியதும் வேகத்தைக் கூட்டுங்கள்.